கார் பூட்டும்போது வரும் 'பீப்': நிறுத்தவும் குறைக்கவும் திரும்ப வரவழைக்கவும் முழுமையான வழிகாட்டி

அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளப் பார்க்கிங்கில் இரவு 11 மணிக்குக் காரைப் பூட்டினால், அந்த ஒற்றை 'பீப்' முதல் மாடிப் படுக்கையறை வரை போகும். மேலே கான்கிரீட், மூன்று பக்கம் சுவர். ஒலி பட்டுத் தெறித்துப் பெரிதாகிறது. பஸ்ஸருக்குப் பதில் ஹாரனே ஒலிக்கும் கார் என்றால் கேட்கவே வேண்டாம். புதிதாகக் கார் வாங்கிய சிலருக்கோ இதற்கு நேர்மாறான குறை. பழைய வண்டியில் வந்த ஒலி இதில் வரவில்லை. பூட்டியதா இல்லையா என்ற சந்தேகத்தில் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்க்கிறார்கள்.

இரண்டுக்கும் தீர்வு பெரும்பாலும் ஒரே மெனுவில்தான் இருக்கிறது. இடம் தெரிந்துவிட்டால் ஒரு நிமிட வேலை. ஆனால் கார் எழுப்பும் எல்லா ஒலிகளும் 'பூட்டிவிட்டேன்' என்று சொல்வதில்லை. சில, 'பூட்ட முடியவில்லை' என்று சொல்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளாமல் அமைப்புகளுக்குள் நுழைந்தால், அடக்கக் கூடாததை அடக்க முயன்று அரை மணி நேரம் போய்விடும். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில், ஒலி என்ன சொல்கிறது?

பூட்டியதும் குறுகிய ஒலி, திறந்ததும் குறுகிய ஒலி. இவை உறுதி ஒலிகள். டொயோட்டாவிலும் சுஸுகியிலும் பூட்டினால் ஒருமுறை, திறந்தால் இருமுறை என்பது வழக்கம். இண்டிகேட்டர்களும் அதே கணக்கில் மின்னும். நிசானில் இது தலைகீழ்: பூட்டினால் விளக்கு இருமுறை, திறந்தால் ஒருமுறை. ஒரே வீட்டில் இந்த இரண்டு வகைக் கார்களும் இருந்தால் குழப்பம் நிச்சயம்.

நீளமாகவோ விட்டுவிட்டுப் பலமுறையோ வருவது வேறு கதை. டொயோட்டாவில் ஒரு கதவு சரியாகச் சாத்தாமல் இருக்கும்போது பூட்ட முயன்றால் பஸ்ஸர் ஏறக்குறைய 5 விநாடி தொடர்ந்து ஒலிக்கும். ஹூண்டாய் கார்களில் ஸ்மார்ட் சாவியை (பட்டனை அழுத்தாமலேயே, அருகில் இருப்பதைக் கார் உணர்ந்துகொள்ளும் சாவி) உள்ளேயே வைத்துவிட்டுக் கைப்பிடிப் பட்டனை அழுத்தினாலும், ஏதாவது ஒரு கதவு திறந்திருந்தாலும், பூட்டாமலேயே 3 விநாடி ஒலி வரும். 'பீப் நின்றுவிடு' என்று இதற்கு மெனுவில் தேடிப் பயனில்லை. கதவை நன்றாகச் சாத்துங்கள், சாவி எங்கே என்று பாருங்கள், அதுதான் தீர்வு. பின்சீட்டில் கிடக்கும் கைப்பையில் இரண்டாவது சாவி இருப்பது இந்த நீள ஒலிக்கு அடிக்கடி காணும் காரணம்.

ஆக, இந்த வழிகாட்டி முழுவதும் குறுகிய உறுதி ஒலியைப் பற்றியது. எச்சரிக்கை ஒலியை யாராவது நிறுத்தித் தருவதாகச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒலி எங்கிருந்து வருகிறது?

ஒருவர் பத்தடி தள்ளி நின்று பூட்டட்டும். நீங்கள் முன்பக்கம் நின்று கேளுங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஹாரன்: ஸ்டியரிங்கை அழுத்தினால் வரும் அதே குரல், கண நேரம் மட்டும். அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் இதுதான் அதிகம். இந்தியாவில் இதற்கு ஒரு சட்டப் பக்கமும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது அவசரம் தவிர வேறெதற்கும் ஹாரன் ஒலிக்கக் கூடாது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி அறிவிக்கப்படும் 100 மீட்டர் அமைதி மண்டலத்தில் எந்நேரமும் கூடாது. குடியிருப்புக்கான இரவு வரம்பு 45 டெசிபல். பூட்டும் ஹாரனுக்காக யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் மருத்துவமனை வளாகத்தில் தினமும் வண்டி நிறுத்துபவர் அதை நிறுத்திவைப்பதுதான் நாகரிகம்.

பஸ்ஸர்: சன்னமான எலக்ட்ரானிக் 'பீப்'. இந்தியாவில் விற்கும் ஸ்மார்ட் சாவி கார்களில் பெரும்பாலும் கேட்பது இதுதான். ஒலி அளவை மாற்றும் வசதி அநேகமாக இந்த வகைக்குத்தான் கிடைக்கும். ஹாரனைக் குறைக்க முடியாது. ஒலிக்கும், அல்லது ஒலிக்காது.

சைரன்: பானட்டுக்குள்ளிருந்து வரும் 'கீச் கீச்'. அது பெரும்பாலும் தொழிற்சாலையில் வந்ததல்ல. துணைக்கருவிக் கடையில் சென்டர் லாக்கோடு சேர்த்துப் பொருத்திய அலாரம். அதற்குக் காரின் திரையில் எந்த மெனுவும் இருக்காது.

எதையும் மாற்றும் முன்: ஒரே ஒரு முறை அழுத்திப் பாருங்கள்

பல கார்களில் லாக் பட்டனை முதல்முறை அழுத்தினால் விளக்கு மட்டும் மின்னும். சில விநாடிக்குள் இரண்டாம் முறை அழுத்தினால்தான் ஒலி வரும். அமெரிக்க ஹோண்டாக்களில் 5 விநாடிக்குள், ஹூண்டாயில் 4 விநாடிக்குள் என்று கையேடு சொல்கிறது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டு மூன்று முறை அழுத்தும் பழக்கம் உள்ளவர்கள், தாங்களாகவே கேட்டு வாங்கிய ஒலியைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இந்த வகைக் காராக இருந்தால் எந்த அமைப்பையும் தொட வேண்டியதில்லை. இரவில் ஒருமுறை, நெரிசலான மால் பார்க்கிங்கில் இருமுறை. இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பேன்.

சாவியிலேயே மாற்றும் கார்கள்

இதற்குச் சரியான உதாரணம் நிசான். இன்டெலிஜென்ட் சாவி உள்ள பல மாடல்களில் ஹாரன் 'பீப்'பைச் சாவியிலிருந்தே நிறுத்தலாம்:

1. கதவுகளைச் சாத்திவிட்டுக் காருக்கு வெளியே, அருகில் நில்லுங்கள்.
2. லாக், அன்லாக் பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்திக் குறைந்தது 2 விநாடி பிடியுங்கள்.
3. நான்கு இண்டிகேட்டர்களும் மூன்று முறை மின்னினால் ஒலி நின்றுவிட்டது.
4. திரும்ப வேண்டுமென்றால் அதையே மறுபடி செய்யுங்கள். இம்முறை விளக்கு ஒருமுறை மின்னி, ஹாரனும் ஒருமுறை ஒலிக்கும்.

இதனால் திருட்டு அலாரம் ஊமையாகிவிடாது. யாராவது கதவைக் கிளறினால் ஹாரன் வழக்கம்போல் அலறும்.

ஆனால் இந்த இரட்டைப் பட்டன் வித்தையை வேறு நிறுவனக் காரில் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். டொயோட்டாவின் பல ஸ்மார்ட் சாவிகளில் லாக் பட்டனோடு அன்லாக் பட்டனையோ, மாடலைப் பொறுத்து வேறொரு பட்டனையோ சேர்த்து 5 விநாடி பிடித்தால் மாறுவது வேறொன்று: கைப்பிடியைத் தொட்டால் ஓட்டுநர் கதவு மட்டும் திறக்க வேண்டுமா, எல்லாக் கதவுகளுமா என்ற அமைப்பு. மாறியதற்கு அடையாளமாக வெளியே இரண்டு மூன்று 'பீப்' வரும். 'ஒலி மாறிவிட்டது' என்று நினைத்துப் போய்விடுவீர்கள்; மறுநாள் பின்கதவு ஏன் திறக்கவில்லை என்று பிள்ளைகள் பள்ளிப் பையோடு நிற்பார்கள். அப்படி ஆகிவிட்டால் பயப்பட வேண்டாம், அதே பட்டன்களை அதேபோல் பிடித்தால் பழைய நிலைக்கு வரும்.

திரை இல்லாத காலத்துக் கிறைஸ்லர், டாட்ஜ், ஜீப் வண்டிகள் சிலவற்றிலும் சாவி வழி உண்டு. லாக் பட்டனை 4 விநாடிக்கு மேல், 10 விநாடிக்குள் அழுத்திப் பிடித்தபடியே, ஆபத்தில் ஹாரனை அலறவிடும் பேனிக் பட்டனை அழுத்த வேண்டும். பேனிக் பட்டனை மட்டும் தனியே அழுத்திவிட்டால் தெருவே எழுந்துவிடும் என்பதால், இந்தப் பரிசோதனையைப் பகலில் செய்யுங்கள்.

திரையில் மாற்றும் கார்கள்

இன்றைய கார்களில் பெரும்பாலானவை இந்த வகை. எந்த நிறுவனமாக இருந்தாலும் தொடக்கம் ஒன்றுதான். வண்டியை நிறுத்தி, 'பி' கியரிலோ நியூட்ரலிலோ வைத்துக் கைபிரேக் போடுங்கள். இன்ஜினை ஓடவிட வேண்டிய அவசியமில்லை. புஷ் பட்டன் உள்ள ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை மிதிக்காமல், மேனுவலில் கிளட்சை மிதிக்காமல், பட்டனை இருமுறை அழுத்தினால் பொதுவாக இக்னிஷன் மட்டும் வரும், அது போதும். மூடிய கேரேஜுக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு, இன்ஜின் ஓட, மெனுவைத் துழாவிக்கொண்டிருப்பது கார்பன் மோனாக்சைடுக்கு நாமே கதவைத் திறந்துவிடுவது போல.

அடுத்து அமைப்புகள், அதற்குள் வாகனம், அதற்குள் கதவு அல்லது பூட்டு. இதற்குப் பிறகுதான் நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறுகிறது.

ஹோண்டாவைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே ஒன்றல்ல, இரண்டு அமைப்புகள். 'வெஹிகிள் செட்டிங்ஸ்' உள்ளே 'கீலெஸ் ஆக்சஸ் செட்டப்' என்ற பகுதியில் 'கீலெஸ் ஆக்சஸ் பீப்' இருக்கும். அதன் கீழேயே ஒலி அளவு, கூடுதலா குறைவா என்று. இது கைப்பிடியைத் தொட்டுப் பூட்டும்போதும் திறக்கும்போதும் வரும் ஒலி. 'டோர் செட்டப்' பகுதியில் 'கீலெஸ் லாக் ஆன்சர் பேக்' என்று வேறொன்று இருக்கும். இது ரிமோட் பட்டனை அழுத்தும்போது வரும் பதில். ஒன்றை நிறுத்திவிட்டு 'இன்னும் ஒலிக்கிறதே' என்று சலித்துக்கொள்பவர்கள் மற்றதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

சில ஹோண்டாக்களில் சாவியோடு விலகி நடந்தாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி உண்டு. சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனதும் ஒரு 'பீப்': தயாராகிவிட்டேன். இரண்டரை மீட்டர் தாண்டிச் சில விநாடி ஆனதும் இன்னொன்று: பூட்டிவிட்டேன். முதல் ஒலியை மட்டும் கேட்டுவிட்டுப் பூட்டியாயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. காருக்குப் பக்கத்திலேயே நின்று அரட்டை அடித்தால் இரண்டாவது ஒலி வராது, பூட்டும் விழாது. இந்த வசதியைப் பயன்படுத்துபவர்கள் ஒலியை முழுக்க நிறுத்தாமல் குறைவான அளவில் வைத்துக்கொள்வது நல்லது.

டொயோட்டாவில் தேட வேண்டியது 'ஆபரேஷன் சிக்னல்' அல்லது 'பஸ்ஸர்' என்ற சொல். பல மாடல்களில் அளவு 7 வரை போகும்; தொழிற்சாலையிலிருந்து 5இல் வைத்து அனுப்புகிறார்கள்; முழுவதும் நிறுத்தவும் இடமுண்டு. என் பரிந்துரை முழு நிறுத்தம் அல்ல, 1 அல்லது 2. பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும், மாடிக்குப் போகாது. உங்கள் மாடலில் இதைத் திரையிலேயே மாற்றலாமா, சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டுமா என்பதற்கு உரிமையாளர் கையேட்டின் பின்பகுதியில் ஒரு பெரிய அட்டவணை இருக்கும். மாற்றக்கூடிய அமைப்புகள் எல்லாம் ஒரு பக்கம், யார் மாற்றலாம் என்ற குறி மறுபக்கம். டொயோட்டா உரிமையாளர்கள் கையேட்டில் ஒரே ஒரு பகுதியைப் படிப்பதாக இருந்தால் அதைப் படிக்கலாம்.

ஹூண்டாய், கியா: 'யூசர் செட்டிங்ஸ்', அதில் 'டோர்', அதில் 'ஹாரன் ஃபீட்பேக்'. ஸ்பீடோமீட்டர் நடுவிலுள்ள சிறு திரையில் ஸ்டியரிங் பட்டன்களால் போக வேண்டியிருக்கும். சில மாடல்களில் பெரிய திரையில். எல்லா நாட்டுக் கார்களிலும் இந்த வரி இருக்காது. இல்லையென்றால் அந்தச் சந்தைக்கு அந்த வசதி தரப்படவில்லை என்று பொருள்.

செவ்ரோலே உள்ளிட்ட ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 'ரிமோட் லாக் ஃபீட்பேக்' என்பதைத் திறந்தால் விளக்கும் ஹாரனும், விளக்கு மட்டும், ஹாரன் மட்டும், எதுவும் வேண்டாம் என நான்கு தேர்வுகள் இருக்கும். ஜீப்பின் யூகனெக்ட் திரையில் 'டோர்ஸ் அண்ட் லாக்ஸ்' உள்ளே 'சவுண்ட் ஹாரன் வித் லாக்'. புதியவற்றில் முதல் அழுத்தத்திலா, இரண்டாவதிலா, வேண்டவே வேண்டாமா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்; காரணம் மேலே சொன்னதுதான். மெர்சிடிஸில் 'அக்கூஸ்டிக் லாக்' என்ற பெயரில் வாகன அமைப்புகளுக்குள் இருக்கும். பி.எம்.டபிள்யூவில் கதவு, சாவி தொடர்பான பகுதியில் தேடுங்கள். அங்கே அமைப்புகள் ஓட்டுநர் சுயவிவரத்தோடு ஒட்டியிருக்கலாம்: உங்கள் சாவியில் நிறுத்தியது மனைவியின் சாவியில் நின்றிருக்காது. வீட்டிலுள்ள எல்லாச் சாவிகளையும் வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

மெனுவில் எதை மாற்றினாலும் அதைச் சேமித்துக்கொண்டதா என்று பார்க்க இக்னிஷனை அணைத்து, இறங்கி, எல்லாக் கதவுகளையும் சாத்திப் பூட்டிப் பாருங்கள். திரையில் குறி மாறியதை மட்டும் நம்பிப் போய்விட வேண்டாம்.

டெஸ்லா: திரையில்தான் எல்லாமே

டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்து மாடல் ஒய் விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் வாழும் தமிழர் வீடுகளில் அது எப்போதோ நுழைந்துவிட்டது. ஒலியை மாற்றும் வழி எளிது:

1. திரையின் கீழே கார் படத்தைத் தொட்டு 'கன்ட்ரோல்ஸ்' பகுதியைத் திறங்கள்.
2. 'லாக்ஸ்' என்பதைத் தொடுங்கள்.
3. 'லாக் கன்ஃபர்மேஷன் சவுண்ட்' என்ற வரியில் உள்ள சுவிட்சை மாற்றுங்கள்.

ஒலியை நிறுத்தினாலும் பூட்டும்போது வெளிவிளக்குகள் ஒருமுறை மின்னும். கண்ணாடி மடங்கும் அமைப்பு இருந்தால் கண்ணாடிகளும் மடங்கும். வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தால் மடங்கிய கண்ணாடி எந்த 'பீப்'பையும்விடத் தெளிவான சாட்சி.

அதே பக்கத்தில் 'வாக் அவே டோர் லாக்' இருக்கிறது. போனையோ ரிமோட் சாவியையோ எடுத்துக்கொண்டு விலகி நடந்தால் தானாகப் பூட்டும் வசதி. கார்டு சாவி மட்டும் வைத்திருந்தால் இது வேலை செய்யாது. கதவுத் தூணில் கார்டைத் தட்டித்தான் பூட்ட வேண்டும். கதவோ டிக்கியோ சரியாக மூடவில்லையென்றாலும் பூட்டாது.

அதனருகே 'எக்ஸ்க்ளூட் ஹோம்' என்றொரு சிறு தேர்வு. இதை இயக்கியிருந்தால், வீடு என்று நீங்கள் குறித்த இடத்தில் கார் தானாகப் பூட்டாது. 'அலுவலகத்தில் ஒலி வருகிறது, வீட்டில் மட்டும் வருவதில்லை' என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை. ஒலி கெட்டுப்போகவில்லை, கார் பூட்டவே இல்லை. தனிக் கேரேஜ் உள்ள வீட்டுக்கு இந்தத் தேர்வு வசதி, தெருவோரம் நிறுத்துபவருக்கு ஆபத்து.

ஒலியை நிறுத்தாமல் மாற்றிக்கொள்ளவும் முடியும். 2023 ஆண்டிறுதி மென்பொருள் புதுப்பிப்பில் வந்த வசதி இது: 'டாய்பாக்ஸ்' உள்ளே 'பூம்பாக்ஸ்', அதில் லாக் ஒலி. பாதசாரிகளை எச்சரிக்கும் வெளிப்புற ஸ்பீக்கர் உள்ள கார்களில் மட்டும் கிடைக்கும். சொந்த ஒலி வேண்டுமென்றால் 1 எம்.பி.க்கும் குறைவான 'வேவ்' கோப்பை யு.எஸ்.பி.யில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வைக்க வேண்டும். கோப்பின் பெயர் 'லாக் சைம்' என்ற இரு ஆங்கிலச் சொற்கள், இடைவெளியில்லாமல், இரண்டின் முதல் எழுத்தும் பெரிய எழுத்தாக. நாதஸ்வரத் துணுக்கு வைக்கலாம். முதல் வாரம் எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த வாரம் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கடையில் பொருத்திய அலாரம்

அடிப்படை மாடல் காரை வாங்கி, சென்டர் லாக்கையும் அலாரத்தையும் வெளியே பொருத்திக்கொள்வது நம் ஊரில் சாதாரணம். அந்த ரிமோட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பூட்டுப் படம், திறந்த பூட்டுப் படம், இவற்றோடு பலவற்றில் குறுக்குக் கோடு போட்ட ஸ்பீக்கர் படமும் இருக்கும். அதை அழுத்தினால் சத்தமில்லாமல் பூட்டும்; அலாரமும் வழக்கம்போல் காவலில் இருக்கும். நாள்தோறும் இரவில் அந்தப் பட்டன், பகலில் சாதாரணப் பட்டன் என்று வைத்துக்கொண்டால் முடிந்தது.

ஸ்பீக்கர் படம் இல்லாத ரிமோட்டில், இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தும் ஏதோ ஒரு முறை இருக்கலாம். அது கருவிக்குக் கருவி வேறுபடும் என்பதால், பொருத்தும்போது தந்த தாளைத் தேடுங்கள். தாள் இல்லையென்றால், பொருத்திய கடைக்கே போய் 'பூட்டும் ஒலி மட்டும் வேண்டாம், அலாரம் வேண்டும்' என்று கேளுங்கள். 'மட்டும்' என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள். இல்லையென்றால் சைரனுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார்கள். ஒலி நிற்கும், அலாரமும் கூடவே நிற்கும். காரைத் திருட வருபவன் உங்கள் தூக்கத்தைக் கெடுக்காமல் வேலையை முடித்துக்கொண்டு போவான்.

ஒலி இல்லாமல் பூட்டியதை உறுதிசெய்வது

ஒலிக்குப் பதிலாக எதை நம்பப் போகிறீர்கள் என்று முடிவுசெய்துவிட்டு நிறுத்துங்கள். இண்டிகேட்டர் மின்னுவது ஒன்று. உங்கள் காரில் பூட்டுக்கு எத்தனை முறை, திறப்புக்கு எத்தனை முறை என்று ஒருதடவை எண்ணிப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகல் வெயிலில் இது கண்ணுக்குத் தெரியாது. அப்போது மடங்கும் கண்ணாடி உதவும். இல்லையென்றால் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பதுதான் வழி.

கைப்பிடியைப் பிடித்தாலே திறந்துகொள்ளும் சாவியில்லா கார்களில் இழுத்துப் பார்ப்பதிலும் சிக்கல் உண்டு. சாவி சட்டைப்பையில் இருந்தால், சோதிக்கப் போன கையே பூட்டைத் திறந்துவிடும். ஹோண்டா இதற்காக ஒரு சலுகை தருகிறது: பூட்டியபின் 2 விநாடிக்குள் இழுத்தால் கதவு திறக்காது, பூட்டியிருப்பதை உறுதிசெய்துகொள்ளலாம். மற்ற கார்களில் சாவியைச் சற்றுத் தள்ளி நிற்பவரிடம் கொடுத்துவிட்டு இழுத்துப் பாருங்கள்.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. ரிமோட் சாவிகள் ரேடியோ அலையில் பேசுகின்றன. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 433.92. அதே அலைவரிசையில் இன்னொருவர் இடைவிடாமல் இரைச்சலை அனுப்பினால் காருக்கு உங்கள் கட்டளை கேட்காது. பார்க்கிங்கில் இப்படித் தடுத்து, பூட்டாமல் போன காரைத் துழாவும் திருட்டு தென்னாப்பிரிக்காவில் பழகிப்போன தலைவலி. நடந்துகொண்டே முதுகுக்குப் பின்னால் பட்டனை அழுத்திவிட்டுப் போகிறவர்தான் அதில் மாட்டுகிறார். ஒலியும் வராமல், விளக்கையும் பார்க்காமல் போவது எந்த ஊரிலும் சரியல்ல.

ஒலி தானாக நின்றுபோனால்

நீங்கள் எதையும் மாற்றவில்லை, ஒருநாள் ஒலி இல்லை. விளக்கைப் பாருங்கள். விளக்கும் மின்னவில்லை, பூட்டும் விழவில்லை என்றால் பிரச்சினை ஒலியில் இல்லை. சாவியின் பேட்டரி தளர்ந்திருக்கலாம். பெரும்பாலான சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032 என்ற நாணய பேட்டரி, கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். முன்பு இருபதடி தூரத்திலிருந்து பூட்டிய கார் இப்போது பக்கத்தில் வந்தால்தான் பூட்டுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

விளக்கு மின்னுகிறது, பூட்டுகிறது, ஒலி மட்டும் இல்லை என்றால் சாவியைக் குறை சொல்லாதீர்கள். சாவி தன் வேலையைச் செய்துவிட்டது. ஒலி எழுப்புவது கார். ஹாரன் வகைக் காராக இருந்தால் ஸ்டியரிங்கில் ஹாரனை அழுத்துங்கள். ஒலித்தால் அமைப்பு மாறியிருக்கிறது: பிள்ளைகள் சாவியை நோண்டியிருக்கலாம், சர்வீஸில் பேட்டரியைக் கழற்றியபோது பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம். ஒலிக்கவில்லையென்றால் ஹாரனோ அதன் ஃபியூஸோ போயிருக்கிறது. அதை உடனே சரிசெய்ய வேண்டும். சில கார்களில் பானட்டோ டிக்கியோ முழுக்க அமராவிட்டாலும் கதவுகள் பூட்டும், ஆனால் உறுதி ஒலி வராது. சர்வீஸிலிருந்து வந்த மறுநாளே இப்படி என்றால் பானட்டைத் தூக்கி ஒருமுறை நன்றாகச் சாத்துங்கள்.

மெனுவும் இல்லை, சாவி வழியும் இல்லை என்றால்

அப்போது சர்வீஸ் சென்டர். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பல கார்களில் இந்த வசதி மென்பொருளுக்குள் இருந்தும், சில சந்தைகளில் திரையில் காட்டப்படுவதில்லை. பழுது கண்டறியும் கருவியைக் காரோடு இணைத்து, அதன் மென்பொருள் அமைப்பைத் திருத்தும் 'கோடிங்' மூலம் மாற்ற வேண்டும். தெரிந்த நண்பரின் மடிக்கணினியில் செய்துகொள்வதும் நடக்கிறது. உத்தரவாதக் காலம் முடியாத காரில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

சர்வீஸ் ஆலோசகரிடம் வாய்மொழியாக மட்டும் சொல்லாமல், வேலை அட்டையில் எழுதச் சொல்லுங்கள்: பூட்டு உறுதி ஒலியை நிறுத்த வேண்டும் அல்லது குறைக்க வேண்டும், அலாரம், கதவு திறந்திருப்பதைச் சொல்லும் எச்சரிக்கை ஆகியவை அப்படியே இருக்க வேண்டும். வண்டியை எடுக்கும்போது இரண்டு சாவிகளையும் வைத்துப் பூட்டித் திறந்து பாருங்கள். ஒரு கதவை லேசாகத் திறந்து வைத்துக் கைப்பிடிப் பட்டனால் பூட்ட முயலுங்கள். முன்பு வந்த எச்சரிக்கை ஒலி இப்போதும் வர வேண்டும்.

தொழிற்சாலை அலாரம் உள்ள கார் என்றால் அதையும் அங்கேயே சோதித்துவிடுங்கள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே வந்து, எல்லாவற்றையும் சாத்தி, ரிமோட்டில் பூட்டுங்கள். டாஷ்போர்டில் பாதுகாப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னத் தொடங்கும் வரை பொறுங்கள். அரை நிமிடம் ஆகலாம். பிறகு ஜன்னல் வழியே கைவிட்டு உள்பக்கமாகக் கதவைத் திறங்கள். அலாரம் அலற வேண்டும். அலறினால் ரிமோட்டில் அன்லாக் அழுத்தி நிறுத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு புறப்படலாம். அலறாவிட்டால் வேலை அட்டையில் கையெழுத்துப் போடாதீர்கள்.